எல்லோருக்கும் சிக்கன் நக்கெட்டும் மக்காச்சோளமும்

எல்ம் ஃபோர்க், நெப்ராஸ்கா
நவம்பர் 16

அன்புள்ள கோரின்,

நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர, அது மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டி லிவ்வும் அந்த டென்மார்க் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும். லிவ்வின் பிறந்தநாள் படம் வந்து சேர்ந்தது. கேக் முழுக்க உங்கள் ஊர்க் கொடியைக் குத்தி வைத்திருக்கிறீர்கள், பிள்ளை ஒன்றைப் பிடுங்கி அதன் காம்பில் ஒட்டியிருக்கும் கிரீமை நக்கிக்கொண்டிருக்கிறாள். உன் அப்பா அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, "இத டுவேன்கிட்ட காட்டணும்டி, மனுஷன் அங்கேயே மயங்கி விழுந்துருவான்" என்று ஒரு வாரமாகத் துள்ளிக்கொண்டிருக்கிறார். டுவேன் ஃபென்ஸ்கியை நீ மறந்திருக்க மாட்டாய். யார் வீட்டு வாசலிலாவது மழையில் கொடி நனைந்துகொண்டிருந்தால் காரை நிறுத்தி அழைப்புமணி அடிப்பாரே, அவர்தான். இப்போது பள்ளி வாரியத்தில் உறுப்பினர். இந்தக் கடிதத்தில் நிறைய வருவார், அதனால் இப்போதே ஞாபகப்படுத்தி வைக்கிறேன்.

உன் அம்மா ஊரில் பெரிய குற்றவாளி ஆகிவிட்டாள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். யார் மூலமாவது உன் காதுக்கு வேறு மாதிரி வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பள்ளி அலுவலகத்தில் காலை எட்டு ஐந்துக்கு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், பதின்மூன்று வருடம் நீயும் கேட்ட குரல்தானே. மைக்கை அமுக்கி, எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லி, கொடிக்கு உறுதிமொழி சொல்லி, பிறகு பிறந்தநாள் பிள்ளைகளின் பெயர், பிறகு மதியச் சாப்பாடு என்ன என்று வாசிப்பேன். இருபத்தொன்பது வருடம். உனக்குத் தெரியாத ஒன்று, இத்தனை நாளும் உறுதிமொழியை என் வாய் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கை, தாமதமாக வந்த பிள்ளைகளின் சீட்டில் முத்திரை குத்தும், கண் அடுத்து வாசிக்க வேண்டிய காகிதத்தில் ஓடும். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு முத்திரையை இடது கையால் குத்துவேன், அதைக்கூட யாரும் பார்த்ததில்லை. அக்டோபர் கடைசி செவ்வாய்க்கிழமை பால் வண்டிக்காரர் கையெழுத்துக்கு வந்து நிற்கிறார், போன் அடிக்கிறது, முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று என் குப்பைக்கூடையில் வாந்தி எடுக்கிறது. நான் சொல்லிக்கொண்டே போகிறேன், கொடி, குடியரசு, கடவுளின் கீழ் ஒரே நாடு, பிரிக்க முடியாதது, எல்லோருக்கும். எல்லோருக்கும் என்ற இடத்தில் என் கண் காகிதத்தில் இருந்தது. "எல்லோருக்கும் சிக்கன் நக்கெட்டும் மக்காச்சோளமும், பால் உங்கள் விருப்பம்" என்று தெளிவாக, மரியாதையான குரலில் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன்.

நம்ப மாட்டாய், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கே ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பள்ளியே சும்மா இருக்கிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் டுவேனின் பேரன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான், அவன் ராத்திரிச் சாப்பாட்டில் முட்டைக்கோஸைப் பார்த்துவிட்டு, நாட்டில் எல்லோருக்கும் சிக்கன் நக்கெட் தருவதாகப் பள்ளியில் உறுதி சொன்னார்களே என்று சண்டை போட்டிருக்கிறான். அவ்வளவுதான். மறுநாள் பெட்ரோல் பங்க் காபி மேசையில் இதே பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் நான் பீட்சா என்று சொன்னதாக ஒரு கட்சி, சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்குப் பின் வரிசையில் இரண்டு பேர், நான் கடவுளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோழியை வைத்தேன் என்று குசுகுசுத்தார்கள். டுவேன் அதையே புகாராக எழுதிக் கொடுத்துவிட்டார். உறுதிமொழியிலிருந்து கடவுளை வேண்டுமென்றே நீக்கிவிட்டேன், என்னை மைக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், கிறிஸ்துமஸோடு ஓய்வில் அனுப்பிவிடலாம் என்று அதில் இருந்தது. உன் அப்பாவுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். நான் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். ஒரு தடவை நானும் சிரித்தேன், இரண்டாவது தடவை தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன் கோரின், எனக்குப் பயமாக இருந்தது. அந்த மைக்கை எடுத்துவிட்டால் நான் வெறும் முத்திரைக்காரிதான். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் என் குரலைக் கேட்டுத்தான் எழுந்து நின்றிருக்கிறார்கள். மளிகைக்கடையில் தாடி வைத்த ஆள், நான் பேச ஆரம்பித்ததும் தன்னை அறியாமல் நிமிர்ந்து நிற்பான். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் புரிந்தது.

டுவேனை நான் வெறுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் அண்ணன் வியட்நாமிலிருந்து அந்தக் கொடி போர்த்தித்தான் வீட்டுக்கு வந்தான், முக்கோணமாக மடித்த அந்தக் கொடி இன்றைக்கும் அவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அவர் மழையில் அழைப்புமணி அடிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது, என்ன பண்ணுவது.

போன திங்கட்கிழமை மாலை பள்ளி நூலகத்தில் வாரியக் கூட்டம். வேறு நாட்களில் நாலு பேர் வருவார்கள், அன்றைக்கு நாற்காலி போதாமல் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கிண்டர்கார்டன் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை எப்போதும் உறுதிமொழி சொல்லித்தானே தொடங்குவார்கள், அன்றைக்கும் எழுந்தோம். சொல்லும்போது அத்தனை கண்ணும் என் வாயைப் பார்த்தது. ஆல்வின் பெரியவர் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு நின்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அதில் கடவுளைச் சேர்க்கவே இல்லை, பிறகு சேர்த்து எழுபது வருடம் ஆகியும் அவர் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவார். அவர் மேல் இதுவரை யாரும் புகார் எழுதியதில்லை. பிறகு வாரியத் தலைவி, நம் பல் டாக்டரம்மாதான், நான் அன்றைக்கு என்னதான் சொன்னேன் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டார்.

அங்கேதான் வேடிக்கை. மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்து, "நான் கூடவே சொல்லிட்டுதாங்க இருந்தேன், ஆனா மார்லிஸ் என்ன சொன்னாங்கன்னு கேக்கலையே" என்றார். உடற்பயிற்சி வாத்தியார் பீட்சா என்று அடித்துச் சொன்னார், செவ்வாய்க்கிழமை பீட்சா கிடையாதே என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். தலைமை ஆசிரியர் தானும் கூடவே சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் மூன்று தடவை சொன்னார். என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து, கடவுளைச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன், ஐயாயிரம் தடவை சொன்னதில் எது அன்றைக்குச் சொன்னது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றேன். டுவேன், "பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கறாங்க" என்றார். நாற்காலி சின்னதாக இருந்ததால் தடுமாறி உட்கார்ந்தேன்.

அப்போது பின்னாலிருந்து வெர்னா எழுந்தாள். பள்ளிச் சமையற்காரி, உனக்கு இரண்டாவது கரண்டி உருளைக்கிழங்கு போடுவாளே, அவள்தான். அவள் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவள், கொடிக்கு உறுதிமொழி சொல்வது அவர்களிடம் கிடையாது. சின்ன வயதில் அவளை இதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக என் குரல் வந்ததும் சமையலறையில் அடுப்பைக் குறைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பாள். டுவேன் அவளைப் பார்த்து, "நீங்க ஒரு நாளும் சொன்னதே இல்லையேம்மா, உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். வெர்னா கொஞ்சமும் கோபப்படாமல், "சொல்றவங்க சொல்றதுல மும்முரமா இருக்கீங்க. நான் சும்மா நிக்கறேன், அதனால கேக்கறேன். அதுவும் அன்னிக்கு என் சாப்பாட்டு லிஸ்ட்ட சொல்லிட்டாங்க, கேக்காம இருப்பேனா?" என்றாள். பிறகு விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். கொடி இருந்தது, குடியரசு இருந்தது. "கடவுளும் அவர் எடத்துலயே இருந்தார், அவர யாரும் தொடல. அதுக்கப்புறம் பிரிக்க முடியாததும் இருந்துச்சு, எல்லோருக்கும்கறதும் இருந்துச்சு. காணாமப் போனது சுதந்திரமும் நீதியும் மட்டுந்தான்."

டுவேன் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நான் கடவுளை நிச்சயமாகச் சொன்னேனா என்று இன்னொரு தடவை கேட்டார். வெர்னா தலையாட்டினாள். டுவேன் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும், நல்ல மனிதர்தான். "அப்ப சரி, சுதந்திரமும் நீதியும்தான போச்சு, நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். உடனே ஒருவர் வழிமொழிய, எல்லோரும் கை தூக்க, ஒருமனதாக நிறைவேறிவிட்டது. குறிப்பெடுக்கிற பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "இத இப்படியே எழுதிக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் நூலகமே ஒரு நிமிடம் யோசித்தது. முதலில் சிரித்தது ஆல்வின் பெரியவர். டுவேன் காதெல்லாம் சிவந்து, கடைசியில் தானும் சிரித்துவிட்டார். இனி உறுதிமொழி எழுதிய அட்டையைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மைக் என்னிடமே இருக்கிறது. மதியச் சாப்பாட்டை வெர்னாவே வந்து வாசிக்கிறாள், கோழி மறுபடி எல்லை தாண்டிவிடக் கூடாதல்லவா. நான் உறுதிமொழி சொல்லும்போது வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று அட்டையில் விரல் வைத்துச் சரிபார்க்கிறாள். புதன்கிழமை வேண்டுமென்றே ஒரு வார்த்தையை விட்டுப் பார்த்தேன், விலாவில் ஒரு இடி கொடுத்தாள், இன்னும் வலிக்கிறது.

இனி உன் விஷயம். அன்றைக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், உன் பழைய பள்ளிக் காகிதங்கள் இருக்கிற பெட்டியைத் தேடி எடுத்தேன். நீ பத்தாம் வகுப்பில் ஒரு நாள் உறுதிமொழிக்கு எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தாய், உன்னை அலுவலகத்துக்கு, அதாவது என்னிடமே அனுப்பினார்கள். நான் எல்லோர் முன்னாலும், "எந்திரிச்சு நிக்கறதுக்கு மகாராணிக்குக் கால் வலிக்குதோ?" என்று கேட்டேன். நீ, "நீ என்ன சொல்றேன்னு கேட்டுட்டு இருந்தேம்மா" என்றாய். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். என் குரலுக்கு என் பெண்ணே எழவில்லை என்பதுதான் எனக்குக் கோபம், கொடி எல்லாம் சும்மா சாக்கு. அன்று மாலை சமையலறை மேசையில் உன்னை உட்கார வைத்து உறுதிமொழியை ஐம்பது தடவை எழுத வைத்தேன். அந்தக் காகிதங்களை இப்போதுதான் முதல் தடவையாக வாசித்தேன். பதினோரு தடவை ஒழுங்காக எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாவதிலிருந்து ஐம்பது வரைக்கும், அழகான கையெழுத்தில், ஒவ்வொன்றிலும், எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும் உண்டு, இந்தச் சமையலறையில் மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அடியில், சரிபார்க்கப்பட்டது என்று என் கையெழுத்து. தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன், உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என்னை மன்னித்துவிடு கண்ணே. பதினெட்டு வருடம் தாமதம்தான், ஆனால் இதை அட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். லிவ்வுக்கு என் சார்பில் ஒன்பது முத்தம், மாப்பிள்ளைக்கு ஒன்று போதும். அவள் கம்பளிக் காலுறை அளவை மறக்காமல் எழுது, போன தடவை பின்னியது பொம்மைக்குத்தான் ஆனது என்று உன் அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். டிக்கெட் கிடைத்தால் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுங்கள். இந்தச் சமையலறையில் இப்போது இரண்டும் உண்டு என்று நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நான் சொல்வதை நானே கேட்பதில்லை என்றுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே, நீ வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்.

அன்புடன்
உன் அம்மா
மார்லிஸ்