கீழே விழுந்த பக்கம்

அன்பு மகள் ரிம்மாவுக்கு,

அம்மா நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்கும் இந்தக் கடிதத்தில் வேலை இருக்கிறது. நீ இருக்கும் திபிலிசியில் வெயில் வந்துவிட்டதாமே. இங்கே வோல்கா இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

நாடகம் முடிந்து வணங்கும்போது, தடைசெய்த சொல் என்று தெரிந்தே போரைப் போர் என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்து சுவரொட்டியில் என் பெயர் இல்லை. அந்த இடத்தில் 'நடிகை' என்று மட்டும் அச்சடிக்கிறார்கள். கீழ்வீட்டு கபிதோலினா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரோ ஒரு நடிகையாம், உன் மூஞ்சிய வச்சுக்கிட்டு நல்லாவே நடிக்கிறா" என்றாள். மேடையேறிய ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம்.

போன வாரம் இயக்குநர் கெனாதி கூப்பிட்டான். என்னிடம் நடிப்புப் படித்த அதே கெனாதிதான். இப்போது அவனுக்கு இரண்டு தொலைபேசிகள், ஒன்றில் பேசும்போது எழுந்து நிற்கிறான். ஒரு தாளை நீட்டினான். நான் தவறு செய்தேன், என் மகளும் நாட்டுக்குத் துரோகம் செய்தாள் என்று எழுதியிருந்தது. நடிகர்கள் எல்லோரும் இருக்கும்போது கேமரா முன்னால் அதைப் படித்தால், போருக்கு எதிராக நீ கையெழுத்திட்ட மனுக்களை மறந்துவிடுவார்களாம். என் எண்பதாவது பிறந்தநாளுக்கு நீ வரலாம், விமான நிலையத்தில் யாரும் உன்னை நிறுத்த மாட்டார்களாம். "ஒரே ஒரு பக்கம்தாம்மா. உங்களுக்கு வசனம் மறக்குற வயசா?" என்றான்.

மூன்று வருடமாக உன்னைப் பார்க்கவில்லை. மறைக்கவில்லை, சரி என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமை மேடையில் எல்லோரும் கூடினார்கள். முதல் வரியைப் படித்தேன். 'என் மகளும்' என்ற இடத்தில் தாள் நழுவி விழுந்துவிட்டது. கை நடுங்கியது. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களும் அப்படியே குறித்துக்கொள்ளட்டும்.

நம் நாடகக்காரர்களின் வழக்கம் உனக்குத் தெரியும். கீழே விழுந்த வசனத் தாளை எடுக்குமுன் அதன்மேல் உட்கார்ந்தாக வேண்டும், இல்லையென்றால் நாடகம் பாழ். உட்கார்ந்தேன். கெனாதி தடுக்கவில்லை, வேறு எதையும் நம்பாதவனும் இதை நம்புவான். பிறகு முழங்கால் எழ மறுத்துவிட்டது. தூக்கிவிட்டால் நான் படித்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளாளுக்கு மேடை விளக்குகளை ஆராய்ந்தார்கள். தலைநகரிலிருந்து வந்த கேமராக்காரன் மட்டும் டாக்டரைக் கூப்பிடச் சொன்னான்.

கெனாதி குனிந்து, என் காதருகே, "ரிம்மா வர வேண்டாமா?" என்றான்.

"வரணும்டா. நான் இதைப் படிச்சுட்டேன்னா, அவ வந்து யாரைப் பார்ப்பா?" என்றேன்.

கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவனே என்னைத் தூக்கினான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் சுவரொட்டியில் 'நடிகை'யும் இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டு பேர் வந்து, சரிபார்க்க வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டை வாங்கிப் போனார்கள். மரியாதையானவர்கள், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஆக, நானும் உன்னிடம் வருவதற்கில்லை.

பிறந்தநாளுக்கு வராதே, ரிம்மா. உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதே. நன்றாக இரு. அங்கேயே நன்றாக இரு.

பெயரை முழுதாகவே எழுதுகிறேன், பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

உன் அம்மா,
அவ்கூஸ்தா பிளாத்தோனவ்னா மெஷ்கோவா