படகுக்காரரின் பிடரி முடி

நோர்டேலியே,
ஜூலை 14

அன்புள்ள ஹால்வாருக்கு,

உன் மூன்றாவது கடிதமும் கிடைத்தது. நன்றாக ஓய்வெடுப்பதாக எழுதியிருக்கிறாய். நம்ப ஆசைதான். ஆனால் மூன்று கடிதங்களிலும் ஒரே நீளத்தில் ஒரு மீன் பிடித்திருக்கிறாய். அந்தத் தீவைச் சுற்றி ஒரே ஒரு மீன்தான் இருக்கிறதா, இல்லை படுத்தபடி கதை விடுகிறாயா? படுத்திருந்தால் எனக்குச் சந்தோஷமே. நீ படுக்கவே இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

உங்கள் தீவுப் படகுக்காரர் ஸ்தூரே நேற்று டீசல் வாங்க வந்தவர், நம் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். பிடரி முடி அவ்வளவு சுத்தம். இடது காதுக்கு மேல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விட்டிருந்தது. இருபத்தாறு வருடம் நம் கடையில் உன் பக்கத்து நாற்காலியருகே நின்று முடி வெட்டியவளுக்கு அது யார் கை என்று தெரியாதா? கேட்டேன். "கடக்காத்துல தானா உதிர்ந்துடுச்சு குன்வர், அந்தப் பக்கம் காத்து அப்படி" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கிளம்பும்போது மட்டும், "இந்த வருஷம் எங்க தீவுல கிழவனுங்க எல்லாம் மாப்ள மாதிரி இருக்கோம்" என்று வாயை விட்டுவிட்டார்.

உடனே கடைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். உன் நீளக் கத்தரியைக் காணோம். மீன் சுத்தம் செய்யவா எடுத்துப் போனாய்?

ஜூலை நான்கு வாரமும் வேலையே கூடாது, நிற்கவும் கூடாது என்றார் மருத்துவர். இன்னொரு முறை மாரடைப்பு வந்தால் உன் இதயம் தாங்காது என்றும் சொன்னார். நீ அப்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏப்ரலில் நீ கடையில் விழுந்தபோது கையில் இருந்தது அதே கத்தரி. உன் விரல்களைப் பிரித்து அதை எடுத்தவள் நான்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. கடைக் கதவில் பலகை தொங்குகிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். தொங்குகிறது. 'ஜூலை முழுவதும் விடுமுறை' என்று நீ எழுதியது அப்படியே இருக்கிறது. ஆனால் பின்பக்கம் துணி துவைக்கும் அறை வழியாக நம் வாடிக்கைக்காரி ஆஸ்தா வருகிறாள், அவள் தங்கை வருகிறாள். போன வாரம் பதினோரு பேர். ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிற மாதத்தில், நான் திரையை இழுத்துவிட்டுத் திருடி மாதிரி தலைமுடிக்குச் சுருள் போட்டுக்கொண்டிருக்கிறேன். "நீயும் சாத்திட்டா இந்தத் தலைய வச்சிக்கிட்டு நான் எங்கடி போவேன்?" என்று ஆஸ்தா கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறேன். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது.

வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று உன்னிடம் சாக்கு சொல்லலாம். அது உண்மை இல்லை. கடை அமைதியாக இருந்தால் நீ விழுந்த சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது ஹால்வார்.

சனிக்கிழமை காலைப் படகில் வருகிறேன், முன்கதவு பின்கதவு இரண்டையும் பூட்டிவிட்டு. அதற்குள் கத்தரியை ஸ்தூரேவிடம் கொடுத்துவிடு. படகில் ஏறும்போது வாங்கிக்கொள்கிறேன்.

என் முடியும் காதை மூடிவிட்டது. இத்தனை வருடமாக நீ வெட்டிய தலை, வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. இந்தக் கோடையில் அதை வெட்ட வேண்டாம். தோள் வரை வளரட்டும், இடுப்பு வரைகூட வளரட்டும். நீ உட்கார்ந்திரு.

உன்
குன்வர்