பதினொரு நிமிடம் ஆடிய கோஜோவுக்கு

என் அன்புக் கோஜோ,

உனக்குத் தமிழில் எழுதுகிறேன். நாம் இருவரும் ஒன்பது ஆண்டுகளாகப் பேசியது என்னவோ ஜேர்மன் மொழியில்தான். ஆனாலும் நினைவில் வரும்போது நீ எங்கள் அம்மாவிடம் பொறுக்கிய தமிழோடுதான் வந்து நிற்கிறாய். அதனால் நீ சொன்னவற்றையும் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். கோபிக்க மாட்டாய் என்று தெரியும்.

உன் உடம்பைப் பற்றி வெளியில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் மனைவி எஸியிடம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. அவர் இருந்திருந்தா தானே மைக்கைப் பிடிச்சுச் சொல்லியிருப்பார்" என்றாள். சரிதானே?

அப்போது நான் கொலோனில் ஓர் ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் இளம் டொக்டர். உனக்கு இருபத்து நான்கு வயது. கானாவில் தக்கோராடித் துறைமுகத்துப் பிள்ளை. பத்தொன்பது வயதில் ஒரு முகவரோடு ஜேர்மனிக்கு வந்து, ஐந்தாம் பிரிவில் ஆடும் சிறிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் தொடங்கி, வலது ஓரத்தில் ஓடி ஓடியே மூன்றாம் பிரிவு வரைக்கும் ஏறியிருந்தாய். இப்போது இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று உன்னைக் கேட்டிருந்தது. ஒப்பந்தம் எழுதியாயிற்று. உடற்பரிசோதனை மட்டும்தான் மீதி. அதற்குத்தான் எங்களிடம் வந்தாய்.

கட்டிலில் படுத்துக்கொண்டும் உன் கால்கள் சும்மா இருக்கவில்லை. "டொக்டர், கெதியா முடியுங்கோ. மத்தியானம் புதுச் சட்டையோடை படம் எடுக்கவேணும்" என்றாய். சிரித்துக்கொண்டே, இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ கருவியை உன் நெஞ்சில் வைத்தேன். திரையைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. உன் இதயத்தின் நடுச்சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. விளையாட்டு வீரர்களுக்குக் கொஞ்சம் தடிப்பது வழமை. இது அந்தத் தடிப்பு இல்லை. பெரிய டொக்டரைக் கூப்பிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் செய்த சோதனைகள் எல்லாம் ஒன்றையே சொல்லின. வேகமாக ஓடும்போது இந்த இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும். இனி உதைபந்தாட்டம் இல்லை.

அதை உனக்குச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. எத்தனை சொற்களைத் தேடி வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றும் உதவவில்லை.

"நான் ஒருநாளும் மயங்கி விழேல்லை. மூச்சுக்கூட முட்டினதில்லை. உங்கடை படம் பிழையா இருக்க ஏலாதோ?" என்று கேட்டாய்.

"இல்லை" என்றேன்.

"நான் உங்கடை தம்பியெண்டா?"

"தம்பிக்கும் இதைத்தான் சொல்லுவன்."

எனக்குத் தம்பி இல்லை. அதை அப்போது சொல்லவில்லை. நான் என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய். ஒப்பந்தமும் போயிற்று. பிறகு இரண்டு நகரங்களில் இரண்டு டொக்டர்மாரைப் பார்த்தாயாம். அவர்களும் அதையே சொன்னார்களாம்.

ஆறு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை, ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள அம்மன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"டொக்டர், இண்டைக்கு என்ரை பழைய கழகம் சும்மா ஒரு சிநேகித ஆட்டம் வைக்குது. ஒருத்தரும் டொக்டர் கடதாசி கேக்கேல்லை. நான் ஆடப்போறன். ஆருக்காவது சொல்லவேணும் போலை இருந்தது."

ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், என்னைத் தடு என்று பொருளா, என்னை வழியனுப்பு என்று பொருளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, கோஜோ. "ஆடாதை. எந்த மைதானம் எண்டு சொல்லு" என்று கத்தினேன். நீ சொல்லத்தான் செய்தாய். பிறகு வைத்துவிட்டாய்.

"ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஓடக் கூடாத பொடியன் ஒருத்தன் ஓடப்போறான் அம்மா."

 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. அதுவரை நான் உன் இதயத்தைத்தான் பார்த்திருந்தேன், உன் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. பந்து உன் காலுக்கு வந்தது. ஒருவனை விலத்தினாய், இன்னொருவனை விலத்தினாய், அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூலைக்குப் போய்விட்டாய். எவ்வளவு அழகாக ஓடினாய்! ஒரு கணம் நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறக்காதவர் அம்மாதான். "எந்தப் பொடியன்?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். கோயிலுக்கென்று கட்டிய மாம்பழ நிறப் பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, ஓரக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, நேரே மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் விசில் ஊதினார். ஆட்கள் சிரித்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. உன்னிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஓடினது காணும் தம்பி. வா."

உனக்கு அப்போது தமிழில் ஒரு சொல் தெரியாது. பின்னால் ஓடி வந்த என்னைப் பார்த்தாய். "ஆர் இவ?"

"என்ரை அம்மா."

நீ அப்படியே புல்லில் குந்தியிருந்து அழுதாய். அம்மாவும் பட்டுச்சேலையோடு ஈரப்புல்லில் பக்கத்தில் இருந்தார். நடுவரின் கடிகாரத்தில் பதினொரு நிமிடம். உன் கடைசி ஆட்டம் அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுத்து அம்மா, "தம்பி சாப்பிட்டவரோ எண்டு கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். அன்று கோயிலுக்கு நாங்கள் மூன்று பேராகப் போனோம். அன்னதானத்தில் நீ இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினாய்.

பிறகு உன் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்தோம். இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்து அதைத் திருப்பும் கருவி. தபால் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனாய். நாலைந்து மாதம் தொலைக்காட்சியில் ஆட்டம் போனால் எழும்பி வெளியே போய்விடுவாய்.  ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். அம்மாதான் என்னை 'அக்கா' என்று கூப்பிடப் பழக்கினார். நீ அதை 'டொக்டரக்கா' ஆக்கினாய்.

பயிற்சியாளர் படிப்புக்கு நீயாகத்தான் விண்ணப்பித்தாய். பத்து வயதுப் பெண்பிள்ளைகளின் அணி ஒன்றைத் தந்தார்கள். அந்த ஜேர்மன் பிள்ளைகளுக்கெல்லாம் "கெதியா, கெதியா!" என்றால் என்ன என்று தெரியும். எஸியைக் கட்டினாய். மகள் எஃபுவா பிறந்தாள். ஒருநாள் உன்னிடம் கேட்டேன், ஞாபகமா?

"கோஜோ, என்னிலை இன்னும் கோபமோ?"

"ஓம், இருக்கு" என்றாய். "சனிக்கிழமையிலை மட்டும்."

சனிக்கிழமை ஆட்ட நாள். நீ பொய் சொல்லவில்லை என்பதால்தான் அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

போன வருடம் உன் ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது. நான் காவல் இருந்தது ஒரு வாசலில், அது வந்தது வேறு வாசலால். உன் இதயமோ கடைசிவரை ஒழுங்காகத் துடித்தது. இனிச் சிகிச்சை இல்லை என்று ஆனபிறகு, இறுதி நேரத்தில் உன்னை வீணாக அதிர வைக்காதபடி அந்தக் கருவியை நிறுத்த வேண்டியிருந்தது. அதை டொக்டரக்காதான் செய்ய வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பினாய்.

அதை நிறுத்த உன் கட்டிலருகே வந்தேன். "ரெண்டாம் தரமும் நீங்கள்தான் என்னை ஆட்டத்திலை இருந்து வெளியிலை எடுக்கிறியள்" என்றாய். பிறகு என் கையைத் தட்டி, "இந்தமுறை நான் கதவை அடிக்கமாட்டன்" என்றாய். எஸிதான் முதலில் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இனி இங்கத்தைய செய்திகள். நீ முதலில் பழக்கிய பிள்ளைகளில் ஒருத்தி, இப்போது பதினெட்டு வயது, உன் அணியை எடுத்து நடத்துகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. உன் படத்தைத் தன் சாமி அறையில் வைத்திருக்கிறார். எஸி பகல் வேலைக்கு மாறிவிட்டாள். அழுவது குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அல்லது என் முன்னால் அழுவதில்லையோ?

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உன் இதயநோய் பிள்ளைகளுக்கும் வரக்கூடியது என்பது உனக்குத் தெரியும். உன் இரத்தத்தில் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடிக்க முடியாததால், எஃபுவாவை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. போன செவ்வாய்க்கிழமை அதற்கு நேரம் தந்திருந்தார்கள். குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கும் என் தோழி சோதித்தாள். நான் கட்டிலருகே நின்றேன். ஜெல் குளிருது என்று எஃபுவா நெளிந்தாள். பிறகு திரையைப் பார்த்து, "மாமி, இது அப்பான்ரை மாதிரியோ?" என்று கேட்டாள். எஸி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இல்லை, கோஜோ. சுவர் மெல்லியதாக, அழகாக, இருக்க வேண்டியபடியே இருக்கிறது. அவள் ஆடலாம்.

ஆனால் ஒன்று, நீ சிரிக்கக் கூடாது. அவளுக்கு ஓட விருப்பமில்லையாம். கோல் காக்கத்தான் நிற்பாளாம். பழைய கையுறை சின்னதாகிவிட்டது என்று முறையிடுகிறாள். வருகிற கிழமை நான்தான் கடைக்குக் கூட்டிப்போகிறேன்.

அவள் வளர்ந்து முடியும்வரை ஒவ்வொரு சோதனைக்கும் அந்தக் கட்டிலருகே நிற்பேன். என்றைக்காவது திரையில் வேறு ஏதும் தெரிந்தால், அதை அவளுக்கு நான்தான் சொல்வேன். எதையும் ஒளிக்க மாட்டேன். அவள் கத்தட்டும், என்னோடு பேசாமல் இருக்கட்டும். எத்தனை காலம் என்றாலும் நான் அவளை விட்டுப் போகமாட்டேன்.

எஃபுவாவின் மாமியும்
உன் அக்காவுமான,
மதுரா