டாக்குக்குப் பதில் டோல்ட்

என்னங்க, எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஹோட்டல் சலவை அறையில் என்னோடு இஸ்திரி போடும் அக்கா ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கிவிட்டாள். அவள் வேறு பாஷைக்காரி. எங்களுக்குள் அரைகுறை இங்கிலீஷ்தான். அன்றைக்கு லீவு விஷயமாக மேனேஜரிடம் பேசிவிட்டு வந்த நான், 'மேனேஜரிடம் பேசினேன்' என்று அவளிடம் சொல்ல நினைத்து, 'டாக்' என்பதற்குப் பதில் 'டோல்ட்' என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ என்னைப் போட்டுக்கொடுத்துட்டே!" என்றாள்.

அதிலிருந்து அறையில் யாரும் என்னை நம்பவில்லை. எனக்கும் அவர்கள் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம்.

நேற்று மேனேஜர் அந்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யார் வேலை?" என்றார். அவருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

லீவு இப்போதைக்கு இல்லையாம். டெல், டாக் எங்கெங்கே வரும் என்று பாப்பாவிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறீர்கள். எதையோ மறைக்கிறீர்களோ என்றிருக்கிறது. சொன்னது போதும், கொஞ்சம் பேசுங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி