மூடிக்காரியைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்திருக்கும், உன் இருமலும் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே உடம்பளவில் எங்கள் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை, எனக்குச் சர்க்கரை மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார் டாக்டர். அதற்கு மேல் நலம் என்று எழுத முடியவில்லை. அம்மா இப்போது என்னோடு இல்லை, சித்தி வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதறாதே. ஏன் போனாள் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கீழே வைக்காமல் கடைசி வரை படித்துவிடு. இதைக் கடிதமாகத்தான் எழுத வேண்டும் என்பது போகும்போது அவள் போட்ட கட்டளை. “போன்ல சொன்னா நீங்க பாதியில அழுதுடுவீங்க, உடனே அவ உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடுவா. எழுதுங்க. அவ அதத் திரும்பத் திரும்பப் படிக்கணும்” என்றாள்.

நீ அனுப்பிய புத்தகம் போன மாதமே வந்துவிட்டது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் அம்மா அதைத் துணியால் துடைத்து அலமாரியில் நிற்க வைத்தாள், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினாள், எல்லோரும் இது என்ன புத்தகம் என்று கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம், அதற்கு வேண்டிய ஊரையும் தெய்வங்களையும் எங்கள் பெண் செய்து கொடுக்கிறாள் என்று நீ சொன்னதையே நானும் சொல்வேன், கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். புத்தகத்தில் இருக்கும் மொழி எனக்கு அரைகுறை, அம்மாவுக்கு அதுவும் இல்லை. படம் பார்த்ததோடு சரி. துருவுக்கு ஒரு தெய்வம் வைத்திருக்கிறாயே, இரும்புக் குழாய்க்குள் படுத்துத் தூங்கும் சோம்பேறி, அவனை மட்டும் அகராதி வைத்துக்கொண்டு நாலு நாள் எடுத்துப் படித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். பாய்லர் அறையில் முப்பது வருஷம் நான் மல்லுக்கட்டியது அவனோடுதானே.

அப்புறம் உன் போன் வந்தது. அந்தப் பதினோரு தெய்வங்களில் ஒன்றுதான் ஆடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதற்கென்றே தனிப் புத்தகம் கேட்கிறார்கள், அதன் கோயிலுக்கு வரைபடம் வேண்டும், நம் பழைய சலவைக் கூடத்து முற்றம் எப்படி இருந்தது என்று வரைந்து அனுப்புங்கள் என்றாய். எந்தத் தெய்வம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். போனை வைத்த பிறகு அம்மாதான் கேட்டாள், அந்த இடத்தை இவ எதுக்கு இப்போ தோண்டறா என்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த கடைக்காரப் பெண் இந்த மாதிரி ஆட்டம் ஆடுகிறவள், கடையில் ஆட்ட அட்டைகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள் அம்மா. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் போனாள். அந்தப் பெண் உன் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றாளாம். சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் ஆடுகிறோம், ரெண்டு பேரும் வாங்க, ஆடிப் பார்த்தால்தான் புரியும் என்றாளாம்.

போனோம். கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தார்கள், சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை கண் பார்க்கும் அட்டை. ஒரு பஸ் ஓட்டுநர், பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் ஒரு பெண், நாங்கள் இருவர், கதையை நடத்துவது கடைக்காரப் பெண். அம்மாவுக்கு வைத்தியச்சி வேடம் கொடுத்தார்கள். எனக்குச் சுமைதூக்கி. இங்கேயும் எனக்கு மூட்டைதானா என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். கடைசியாக அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், ஓர் உலகத்தைச் செய்ய மலையும் ஆறும் முதலில் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், தெய்வம் தானாக வந்து நிற்கும் என்று. அதை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீருக்குள் போன ஒரு தெருவில் எங்கள் ஆட்டம் போய் முட்டியது, அங்கே நீ போனில் சொன்ன தெய்வம், உன் மூடிக்காரி, வந்தாள். கடைக்காரப் பெண் எங்களுக்காக அவள் கதையை நம் பேச்சில் வாசித்துச் சொன்னாள். ஏழு வயதுக் குழந்தைத் தெய்வம். உலகத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரின் இரும்பு மூடியை விளையாட்டாக நகர்த்தினாள், அவள் அக்கா உள்ளே விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து மூடியை முதுகில் கட்டிக்கொண்டு திரிகிறாள், இறக்கி வைக்க இடம் இல்லை. தண்ணீரில் விழுந்த யாரையும் அவள் தூக்கிவிடுவாள், ஒவ்வொரு தடவையும் மூடியின் கனம் கூடும். அவளைக் கும்பிடுகிறவர்கள் படுக்கும் முன் வீட்டுக் கதவு எல்லாவற்றையும் மூன்று முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் நீ வீட்டை விட்டுக் கிளம்பும் வரைக்கும் கதவுகளைத் தொட்டுவிட்டுத்தான் படுத்தாய். சின்னப் பிள்ளைப் பழக்கம் என்று நான் நினைத்தேன், இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் குழந்தகிட்ட உன் மேல தப்பில்லன்னு நான் சொல்லணும், அதுக்கு என்ன செய்யணும் என்று கேட்டாள். அதற்கு வழியில்லை என்றாள் கடைக்காரப் பெண். மற்ற தெய்வங்களிடம் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், இவளுக்கு மட்டும் யாரும் மன்னிப்புக் கொடுக்க முடியாது, எந்த எண் விழுந்தாலும் பலிக்காது என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். பரவாயில்ல, காயக் குடு என்று அம்மா வாங்கி உருட்டினாள். நாலு விழுந்தது. மறுபடி உருட்டினாள், பதினொன்று. யாரும் தடுக்கவில்லை. ஆறாவதோ ஏழாவதோ, இருபது விழுந்தது, இருபது முகம் உள்ள அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது. பஸ் ஓட்டுநர் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார். கடைக்காரப் பெண் கண் கலங்கிவிட்டாள், “இருபதுக்கும் பலிக்காதும்மா. மன்னிக்க வர்றவங்க குரல் அவ காதுல விழாதுன்னு எழுதியிருக்காங்க” என்றாள். அம்மா காயை மேசையில் வைத்துவிட்டு, எழுதினவ யாருன்னு எனக்குத் தெரியும், அவகிட்ட நானே பேசிக்கிறேன் என்று எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். உனக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று அங்கேயே எனக்குச் சொல்லிக்காட்டினாள். “நீதான் தொறந்த, இல்லேங்கல. ஆனா ஏழு வயசுக் கொழந்த நீ. நான் ஒன்ன எப்பவோ மன்னிச்சுட்டேன். இப்படிச் சொல்லட்டுமா, சரியா இருக்கா?” என்று என்னைக் கேட்டாள். நீ செய்யாத தப்புக்கு அவள் உன்னை மன்னிக்கப் போகிறாள், அதற்கு என்னிடம் வார்த்தை சரிபார்க்கிறாள். இருபத்தொரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

அந்தத் தொட்டி மூடியைத் திறந்தது நான். ஞாயிற்றுக்கிழமை, கூடம் லீவு, ஆஸ்பத்திரி விரிப்புகள் மறுநாள் காலைக்கு வேண்டும் என்பதால் பாய்லருக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. தரைத்தொட்டியின் மூடியைக் கொக்கி போட்டு இழுத்துத் திறந்துவிட்டு ஸ்பேனர் எடுக்க உள்ளே போனேன். போன இடத்தில் விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். ஆபீஸில் போன் வந்தது, பேசப் போனேன் என்று அம்மாவிடம் அப்போது சொன்னேன், அதுவும் பொய். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. நீ அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். வழக்கம்போல நீங்கள் இருவரும் முற்றத்தில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள், தேடுவது உன் முறை. அவள் ஒளிய இடம் தேடிப் பின்பக்கமாக நடந்திருக்கிறாள். தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்ததைப் பார்த்து நான் குதித்தேன். மற்றதை நீ பார்த்தாய்.

மறுநாள் மேனேஜர் வந்து மூடியைத் திறந்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீ முன்னால் வந்தாய். “முந்தாநாள் பந்து எடுக்க நான்தான் மூடிய நகத்தினேன்” என்றாய். நகர்த்திப் பார்த்தாய், அவ்வளவுதான். அது அசைந்திருக்காது. முழு ஆள் ஒருவன் கொக்கி போட்டுக் காலை ஊன்றி இழுத்தால்தான் அது நகரும், மேனேஜருக்கும் அது தெரியும். ஆனால் கம்பெனி ஆள் திறந்தது என்பதைவிடக் குழந்தைகள் திறந்தது என்பது அவருக்கும் நல்லது. குழந்தைகள் விளையாடுகையில் திறந்தனர் என்று எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். வேலை போகும், ஜெயில் வரும் என்று பயந்தேன். பயம் ஒரு வருஷத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை. நீ மறந்திருப்பாய் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. அந்த மூடி எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாள். எழுபதுக்குக் குறையாது என்றேன். “அப்போ எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும்” என்றாள். அப்புறம், “ஒரு வருஷம் அவ தலைய நான் தொடல. நீங்கதான் பின்னி விட்டீங்க. பின்னும்போதாவது சொல்லத் தோணலியா?” என்றாள். உனக்கு நினைவிருக்கும், எனக்குப் பின்னல் நேராக வராது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அம்மா ஏன் பின்னி விடுவதில்லை என்று நீ என்னைக் கேட்கவே இல்லை. காரணம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், அதை நானும் அறிவேன். வீட்டுக்கு வந்து ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள், சித்திக்குப் போன் செய்தாள், போய்விட்டாள். ஒரு சொல் திட்டவில்லை.

உன் தொழிலில் யோசனை சொல்ல எனக்குத் தெரியாது. அந்தத் தெய்வத்தை மாற்று, மாற்றாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. எத்தனையோ பேருக்கு அவளைப் பிடித்திருக்கிறது, கடைக்காரப் பெண் அவள் படத்தைக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அவளுக்கு நீ அடித்தளமாக வைத்த சம்பவம் நடக்கவே இல்லை. நீ கேட்ட வரைபடம் இதோடு இருக்கிறது. பாய்லர் அறைக் கதவிலிருந்து தொட்டி வரைக்கும் எத்தனை அடி என்று குறித்திருக்கிறேன், நான் படுத்திருந்த மூட்டைகளையும் வரைந்திருக்கிறேன். இத்தனை வருஷம் அந்த முற்றத்தை நீ எப்படி நினைத்து வைத்திருந்தாயோ, அதில் நான் இருந்திருக்க மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று இதில் எழுத வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அதைக் கேட்டால் உனக்கு இன்னொரு வேலை கொடுத்த மாதிரி ஆகும். நீ பதில் எழுதாவிட்டாலும் சரி, கோபத்தில் எழுதினாலும் சரி. முடிந்தால் இதை ஒரு தனி ஆளாக உட்கார்ந்து படிக்காதே, கூட வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்வாயே, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இங்கே நான் சமைத்துச் சாப்பிடுகிறேன், கஷ்டம் இல்லை. அம்மா தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்கிறாள். எழுதிட்டீங்களா என்று கேட்பாள். இன்னும் முடியவில்லை என்பேன், வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுவாள். பதினோரு நாளாக இதே பேச்சு. சில நாள் கையில் காகிதம் முக்கால்வாசி எழுதி இருக்கும், இருந்தும் ஆரம்பிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எழுதி அனுப்பிவிட்டேன் என்று நாளை சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இருக்காது.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உடம்போடு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். அதைச் சொல்லும் உரிமையாவது எனக்கு மிச்சம் இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே, படித்து முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் செய், சித்தி வீட்டு எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கே அவள் எந்த நேரமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், சித்தி சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா