இனிஷியலுக்குள் இருந்த அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நம் ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இந்த ஜாக்கிரதையைப் பாராட்டியிருப்பீர்கள்.

நம் நாட்டில் என் பெயருக்கு முன்னால் நீங்கள் ஒரே ஓர் எழுத்தாக, பத்திரமாக இருந்தீர்கள். இங்கே ஜெர்மனியில், ஹனோவரில், எழுத்து போதாது, குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த உங்கள் முழுப் பெயரிலிருந்து, சாதியைச் சொல்லும் அந்த வாலை மட்டும் எடுத்து எனக்குச் சூட்டினார்கள். ஆய்வகத்திலும் வீட்டு அழைப்புமணியிலும் இப்போது நான் அந்த வால்தான்.

அது நமக்குப் பிறப்பில் வந்ததல்ல. வேலை தேடி வேறூர் போனபோது, அது இல்லாமல் குடியிருக்க இடம் கிடைக்காதென்று நீங்களே ஒட்டிக்கொண்டது. நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்றுதான் சொன்னீர்கள்: "யாராச்சும் கேட்டா இதான் நம்ம பேரு. கேக்க விடாம பாத்துக்கோ, தாயி."

இத்தனை வருடம் பார்த்துக்கொண்டேன். போன மாதம் கொலோனில் பொங்கல் கூட்டம். சேலையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்து ஓர் இளம் இன்ஜினியர் வந்தார்.

"அக்கா, நீங்க நம்மாளா? வெஸ்ட் ஜெர்மனியில நம்ம பேருள்ளவங்களையெல்லாம் சேர்த்து ஃபேமிலி ட்ரீ போட்டுட்டு இருக்கேன். எந்த ஊரு?"

"தெற்கே."

"தெற்கேன்னா கன்னியாகுமரி வரைக்கும் இருக்கே அக்கா. தாத்தா பேரு?"

"தெரியாது."

"பாருங்க, டாக்டர் பட்டம் வாங்கினவங்களுக்குத் தாத்தா பேரு தெரியலையாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மனிதர்தான், சர்க்கரைப் பொங்கலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க தம்பி எந்தத் தெருன்னு உங்ககூட வந்த ஃப்ரெண்டு சொல்லிட்டாங்க. எங்க பெரியப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல்லி எழுதிடுறேன் அக்கா."

தம்பி குடியிருப்பது அந்தப் பெயர்க்காரர்களுக்கு மட்டுமே வீடு விடும் தெரு, அப்பா. அவன் மகளுக்கு அங்கேயே மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. பெரியவர் வருவார், காபி குடிப்பார், "குலதெய்வம் எது?" என்பார். அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? ஏதாவது சொல்லிக்கொடுத்தீர்களா?

மாடியில் குடியிருக்கும் ஜெர்மானிய மூதாட்டியிடம், எங்கள் பரம்பரையை ஒருவர் தேடுகிறார் என்று மட்டும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எதற்குத் தேடுகிறார்?" என்று கேட்டார். "எங்களிடமும் ஹிட்லர் காலத்தில் பாட்டிமாரின் பெயர்களைக் கேட்டார்கள். என் அக்காள் கணவருக்கு ஒரு பாட்டி சரியாக அமையவில்லை."

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையே இன்ஜினியருக்குப் போன் செய்து, பெரியப்பாவை அனுப்ப வேண்டாம் என்றேன்.

"ஏன் அக்கா? என்ன விஷயம்?"

எதையும் ஆதாரத்தோடு பேசிப் பழகியவளுக்கு ஒரு பொய்க்காரணம் வாயில் வரவில்லை.

"லெட்டர் போயிடுச்சே," என்றார். பிறகு மெதுவாக, "சரிங்க மேடம்."

அக்கா மேடமானது அப்போதுதான். இந்தக் குரல் மாற்றத்துக்குத்தானே காலமெல்லாம் பயந்தீர்கள்?

தம்பிக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை. அழைப்புமணி அடித்தால் எழுந்துவிடுகிறேன்; கதவருகே போய் நின்றுவிடுகிறேன்.

தாத்தா பெயர் தெரியாது என்றது பொய். நீங்கள் ஒரே ஒருமுறை, தாழ்ந்த குரலில் சொன்னது அப்படியே என்னிடம் இருக்கிறது. தம்பி வீட்டுக்கு ஆபத்தில்லை என்று ஆகும்வரை அதை யாரிடமும் சொல்லமாட்டேன். ஆகிவிட்டால், அழைப்புமணியில் இருக்கும் வாலை எடுத்துவிட்டு அந்தப் பெயரை எழுதுவேன். இது சத்தியம், அப்பா.

இப்போதைக்கு இனிஷியல்கூட இல்லாமல்,
உங்கள் மூத்த மகள்