வாசற்கல்லில் வைத்த கொச்சிக்காய்

மேற்கணக்கு லயம்,
மஸ்கெலியா,
1958 பெப்ரவரி.

அன்புத் தங்கச்சி தனலெட்சுமிக்கு,

அடுத்த காம்பரா வீட்டு றோசலின் அக்கா ஆசையோடு எழுதிக்கொள்வது. உடம்பு சுகந்தான். உங்கள் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, நீயும் உன் வீட்டுக்காரர் வடிவேலும் இந்தியாவுக்குக் கப்பலேறி ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த ஊர் வெயிலில் எப்படி இருக்கிறீர்களோ? போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. என்னுடைய மனுவுக்கும் இன்னும் பதில் இல்லை. கந்தோர் உத்தியோகத்தர்களும் நீயும் சொல்லிவைத்துக்கொண்டு இருக்கிறீர்களா?

நம் நைமிரிஸ் மிளகாய்ச் செடி நன்றாக இருக்கிறது. கினிகத்தேனைச் சந்தையில் சிங்களக் கடைக்காரர் ஒரு பழத்தைக் கீறி மோந்து பார்க்கச் சொன்னதும், நீ தும்மித் தும்மி அவரிடமே தண்ணீர் கேட்டாயே, அந்தப் பழத்து விதை. இப்போது என் இடுப்பு உயரம். பனி விழுகிற நாட்களில் சாக்குப் போட்டு மூடுகிறேன், அடுப்புச் சாம்பல் தூவுகிறேன். காய் குண்டு குண்டாகச் சுருங்கி மஞ்சளாகப் பழுக்கிறது. பாதிக் காயைக் கிள்ளிப் போட்டாலே சட்டிக் கருவாடு முழுக்க உறைக்கிறது.

உன் காம்பராவுக்கு அம்மாக்கண்ணு குடும்பம் வந்திருக்கிறது. நல்ல சனங்கள். ஆனால் அவளுக்கு வயிற்றுப்புண், காரம் ஆகாது. என் மகள் ஐவியும் உடப்புசல்லாவைக்குக் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். ரொட்டியும் நைமிரிஸ் போட்டு அரைத்த சம்பலும் வைத்துக்கொண்டு தனியாக உட்காருகிறேன். நீ இருந்தபோது இதே சம்பலுக்குத்தான் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டக் கொட்ட, யார் முதலில் தேத்தண்ணியைத் தொடுவது என்று பந்தயம் வைத்துச் சிரித்தோம். “ரெண்டு பைத்தியமும் ஒரே லயத்துல வந்து சேந்துச்சே” என்பார் வடிவேல் தம்பி. இப்போதும் அதே தண்ணீர்தான் வருகிறது. சிரிப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு, சம்பல் அரைத்த கையைச் சரியாகக் கழுவாமல் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டேன். நடுவில் கண்ணைத் தேய்த்தேன். அப்புறம் கேட்பானேன்! முக்காட்டுக்குள் தாரை தாரையாகக் கண்ணீர். பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டு, “போனவங்களை நெனச்சு அழாதீங்கம்மா, ஆண்டவர் பாத்துக்குவாரு” என்றார். கொச்சிக்காய்க் காரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தந்த ஆறுதலைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இனி மனத்தில் கிடப்பதைக் கேட்டுவிடுகிறேன். மிளகாயைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று நீ ஒருநாளும் என் கையிலிருந்து வாங்கியதில்லை. உன் வாசற்கல்லில் வைப்பேன், நீ எடுத்துக்கொள்வாய். நான் வேதக்காரி, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சிரித்தாலும் கல்லில்தான் வைத்தேன். அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியபோது, நீ மறந்துவிட்ட விதைப் பொட்டலத்தோடு ஓடி வந்தேன். வைக்க ஒரு கல் இல்லை. நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, என் கையிலிருந்தே வாங்கினாய். வாங்கியதும் உன் முகம் மாறியது. அதற்குள் ரயில் போய்விட்டது.

அதுதானா தங்கச்சி? கோபமா? கோபம் என்றால் நல்லது. உனக்கு வேறு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போதும் முதலில் பழுக்கிற காயை அந்தக் கல்லில் வைக்கிறேன். அம்மாக்கண்ணு அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறாள். வாடிய பிறகு நானே எடுத்து விதையைப் பிரித்து வைக்கிறேன்.

சண்டை போடுவதென்றால் போடு. நன்றாகத் திட்டி எழுது. எழுத மனமில்லையென்றால், அங்கே நீ போட்ட செடி காய்த்ததும் நாலு விதையைக் கடுதாசியில் மடித்து அனுப்பு. ஓர் எழுத்தும் வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்த்து, நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

என் மாதாவும் உன் மாரியாத்தாளும் சேர்ந்து உன்னைக் காக்கட்டும்.

உன் வாசற்கல்லைக் கழுவி வைத்திருக்கும்,
றோசலின் அக்கா.